ரீஜென் என்றால் என்ன? 'மின்மீட்புத் தடுப்பு'

மின்சார கார் ஓட்டுபவர்கள் 'ரீஜென்' என்று சுருக்கிச் சொல்வது ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்கைத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காரின் வேகம் குறையும். அப்படிக் குறையும் ஓட்டத்தின் ஆற்றல் மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும்.

சொல்லின் வேர் லத்தீன். 'ரே' என்றால் மீண்டும், 'கெனெராரே' என்றால் பெற்றெடுத்தல். ஜெனரேட்டரும் அதே வேரில் பிறந்த சொல்தான். பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார், காலை எடுத்ததும் சக்கரத்தால் சுற்றப்படுகிறது, உடனே ஜெனரேட்டராகிவிடுகிறது. சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் மிதிப்பது கனக்குமே, அந்த இழுப்புதான் இங்கே பிரேக். மின்சார ரயில்களில் இது கார்களுக்கு முன்பே இருந்தது. அங்கே மின்சாரம் மேல்கம்பிக்குத் திரும்பி, பக்கத்தில் ஓடும் இன்னொரு ரயிலுக்குப் பயன்படும்.

தமிழில் 'மீளுருவாக்க பிரேக்கிங்' என்று எழுதுகிறார்கள். அறுந்த பல்லிவால் வளர்வதற்கு அந்தச் சொல் சரி. காரில் எதுவும் புதிதாக உருவாவதில்லை. பிரேக் தட்டில் சூடாகி வீணாகப் போகவிருந்ததில் ஒரு பங்கு கைக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே 'மீட்பு' என்பதே பொருந்தும். 'நிறுத்தம்' என்றால் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வரும் என்பதால் 'மின்மீட்புத் தடுப்பு' என்பதே என் தேர்வு.

மீட்பு என்று புரிந்துகொண்டால் கார்களில் உள்ள நிலைகளும் தெளிவாகிவிடும். டாடா நெக்ஸான் இவி-யில் 0 முதல் 3 வரை நிலைகள் உண்டு. காலை எடுத்தால் கார் எவ்வளவு பலமாக இழுபட வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 0-வில் கார் தானாக உருண்டு போகும். 3-இல் வைத்தால் எப்போதும் அதிக சார்ஜ் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு உண்டு. காலியான நெடுஞ்சாலையில் காரை உருள விடுவதே லாபம். நின்று நின்று போகும் நகர நெரிசலுக்குத்தான் 3. நிசான் லீஃபில் 2017-இல் வந்த இ-பெடல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே பெடலால் காரை முழுவதுமாக நிறுத்தியது.

இதன் அருமை மலை இறக்கத்தில் தெரியும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 8 யூனிட். காற்றும் டயரும் தின்றது போக மீதியில் பெரும்பங்கு பேட்டரிக்கு வரும், பிரேக்கும் சூடாகாது. ஆனால் ஊட்டியிலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுக் கிளம்பினால் மீட்டதை வைக்க இடம் இருக்காது. நிலை 3-இல் வைத்திருந்தாலும் கார் பழகிய அளவுக்கு இழுபடாது. அப்புறம் இறக்கம் முழுவதற்கும் சாதாரண பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். மலையில் தங்கும்போது 80, 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.