மாதத் தவணை ஏறவில்லை, கடனும் குறையவில்லை

2022 நவம்பரில் ஒரு நாள் இரவு டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணை அழைத்தார். அந்த வருடத் தொடக்கத்தில்தான் வீடு வாங்கியிருந்தார். மோட்கேஜ் (வீட்டுக் கடன்) எடுத்தது வேறொரு கடன் முகவர் மூலம். பாங்கிலிருந்து வந்த கடிதத்தை விளங்கப்படுத்தச் சொல்லி என்னிடம் வந்தார். "தம்பி, வட்டி ஏறுது ஏறுது எண்டு எல்லாரும் கத்தினம். எனக்கு மாசக் காசு ஒரு சதமும் ஏறேல்ல. பிறகேன் கடிதம்?"

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 'டிரிகர் ரேட்' என்று இருந்தது. நீங்கள் கட்டும் தவணை அந்த மாத வட்டிக்கே காணாது, மிச்சத்தை உங்கள் கடனோடு சேர்க்கிறோம் என்பதுதான் அதன் சாரம். சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் நான் கட்டினது?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் இதே கேள்வியைப் பல பேரிடமிருந்து கேட்டேன். பிக்ஸ்டா (வட்டி மாறாதது) வேரியபிளா (வட்டி மாறுவது) என்று எங்கள் ஆட்கள் கலியாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். வேரியபிளிலேயே இரண்டு வகை இருக்கிறது என்பதை மட்டும் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு வகையில் பாங்கின் பிரைம் வட்டி (கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி) ஏறினால் உங்கள் தவணையும் உடனே ஏறும். வலி அடுத்த மாதமே தெரியும். மற்ற வகையில் தவணை அசையாது. உள்ளே வட்டிக்குப் போகும் பங்கு பெருத்து, முதலுக்குப் போகும் பங்கு சுருங்கும். வட்டி ஏறிக்கொண்டே போனால் முதலுக்கு ஒன்றுமே போகாத ஒரு கட்டம் வரும். அதுதான் டிரிகர் ரேட். கனடாவின் பெரிய பாங்குகளில் சில முதல் வகையையும் சில இரண்டாவது வகையையும் கொடுக்கின்றன. கடன் பத்திரத்தில் இரண்டுக்கும் பெயர் வேரியபிள் என்றே இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 ஜனவரியில் 6 லட்சம் டொலர் கடன், 30 ஆண்டு. அப்போது பிரைம் 2.45 சதவீதம். பிரைமிலிருந்து 1 குறைத்து 1.45க்கு வேரியபிள் கிடைத்தது என்று வைப்போம். மாதத் தவணை ஏறக்குறைய 2,056 டொலர். முதல் மாத வட்டி 725 டொலர்தான், மிச்சம் 1,300க்கு மேல் முதலுக்குப் போகிறது. பார்க்க அழகான கணக்கு.

மார்ச் 2ஆம் திகதி கனடா மத்திய வங்கி தன் வட்டியை 0.25இலிருந்து 0.50 ஆக்கியது. ஏப்ரலில் 1.00, ஜூனில் 1.50. பணவீக்கம் 8 சதவீதத்தை நெருங்கியதும் ஜூலையில் ஒரே அடியாக ஒரு முழு சதவீதம் கூட்டி 2.50. செப்டெம்பரில் 3.25. பிரைம் அதற்கு 2.20 மேலே நிற்கும் என்பதால், நம்முடைய 1.45 அந்தச் செப்டெம்பரில் 4.45 ஆகிவிட்டது. வட்டி மட்டும் மாதம் 2,190 டொலரைத் தாண்டியது. தவணையோ அதே 2,056. ஒன்பது மாதத்துக்குள் டிரிகர் தாண்டியாயிற்று.

2023 ஜூலையில் மத்திய வங்கி வட்டி 5.00ஐ எட்டியபோது இதே கடனின் வட்டி 6.20. மாத வட்டி 3,000 டொலருக்கு மேல். அதற்குள் பதினெட்டு மாதத்தில் கட்டியது ஏறக்குறைய 37,000 டொலர். தவணையைக் கூட்டாமல், குறைவதை எல்லாம் பாங்க் கடனோடு சேர்க்க விட்டிருந்தால், கடன் திரும்பவும் 6 லட்சத்துக்குக் கிட்ட வந்து நின்றிருக்கும். வாடகை வீட்டில் இருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதல் வகை வேரியபிள் எடுத்தவருக்கு அதே நேரத்தில் தவணை 3,600 டொலருக்குக் கிட்ட ஏறியிருக்கும். அது பெரிய அடி. அவர்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டார்கள், இரண்டாவது வேலைக்குப் போனார்கள், சிலர் விற்றார்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தவணை அசையாத வகையில் இருந்தவர்களுக்கோ கணக்கு ரினியூவல் அன்றுதான், அதாவது ஒப்பந்தக் காலம் முடிந்து கடனைப் புதுப்பிக்கும் அன்றுதான், முகத்தைக் காட்டியது. அன்றைக்குப் பாங்க் பழைய 30 ஆண்டு அட்டவணைக்குத் திரும்பிவிடும்; தவணை ஒரே தாவலில் ஏறும். இடையில் பாங்க் அறிக்கையில் 'கடன் தீர எஞ்சிய காலம்' என்ற இடத்தில் எழுபது ஆண்டு, எண்பது ஆண்டு என்று வந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு.

'ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ் பண்ணித்தானே கடன் தந்தார்கள்?' என்று கேட்பீர்கள். வட்டி ஏறினாலும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்கும் சோதனை அது. 2021 ஜூனிலிருந்து 5.25 சதவீதம், அல்லது உங்கள் வட்டியோடு 2 சேர்த்தது, இதில் எது பெரிதோ அதில்தான் சோதித்தார்கள். 1.45க்கு எடுத்தவரை 5.25இல் சோதித்தார்கள். அவர் கடைசியில் நின்றது 6.20இல்.

சரி, வேரியபிள் எடுத்தவர்கள் எல்லாம் முட்டாள்களா? இல்லை. அந்த ஜனவரியில் ஐந்து ஆண்டு பிக்ஸ்ட் 2.79 என்று வைத்தால் தவணை 2,460 டொலருக்குக் கிட்ட. மாதம் 400 டொலர் வித்தியாசம். வட்டி நீண்ட காலத்துக்குத் தாழ்வாகவே இருக்கும் என்று 2020 ஜூலையில் மத்திய வங்கி ஆளுநர் டிஃப் மாக்லமே சொல்லியிருந்தார். அதை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் பங்குக்கு நானும் சிலருக்கு வேரியபிள் போட்டுக் கொடுத்தேன். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என் அழைப்பை எடுப்பதில்லை.

நான் குறை சொல்வது இன்னொரு யோசனையை. "இப்ப வேரியபிள் எடுப்பம், வட்டி ஏறத் தொடங்கினா பிக்ஸ்டுக்கு மாறுவம்." பினால்டி (அபராதம்) இல்லாமல் மாறலாம் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பிக்ஸ்ட் வட்டி மத்திய வங்கியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை. அது கனடா அரசின் ஐந்து ஆண்டுப் பத்திரங்களின் வருவாயோடு ஓடுகிறது. மத்திய வங்கி என்ன செய்யும் என்று சந்தை ஊகித்தவுடனே அது ஏறிவிடும். 2022 கோடையில் பயந்து மாற வந்தவர்களுக்குக் கிடைத்த பிக்ஸ்ட் 4.5 சதவீதத்துக்கும் மேல். மாறும்போது பாங்க் சொல்லும் வட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். மழை கொட்டத் தொடங்கிய பிறகு குடை விற்பவரிடம் விலை பேச முடியாது.

பிக்ஸ்டிலும் ஒரு குழி இருக்கிறது, அது கடன் ஒப்பந்தத்தைக் காலம் முடியுமுன் இடையில் உடைப்பவர்களுக்கு. வேரியபிளை உடைத்தால் வழக்கமாக மூன்று மாத வட்டியோடு போய்விடும். பிக்ஸ்டில் மூன்று மாத வட்டி, அல்லது உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை எஞ்சிய காலம் முழுவதற்கும் போட்ட தொகை, இரண்டில் பெரியதைக் கேட்பார்கள். 2023இல் 5.5க்குப் பூட்டியவர் மூன்று ஆண்டு மீதமிருக்கும்போது, 5 லட்சம் டொலர் கடனை உடைக்கிறார் என்று வையுங்கள். இப்போதைய வட்டி 4 என்றால், வித்தியாசம் 1.5, மூன்று ஆண்டுக்கு 22,500 டொலர். மூன்று மாத வட்டி என்றால் 6,875 டொலர்தான் வந்திருக்கும். தங்கள் பலகை விலையை (தள்ளுபடி இல்லாமல் அறிவிக்கும் வட்டியை) வைத்துக் கணக்குப் பார்க்கும் பாங்குகளில் இது இன்னும் கூடும்.

யார் உடைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். விவாகரத்து, அல்பேர்ட்டாவில் வேலை, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து பெரிய வீடு தேவைப்படுவது: என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். ஐந்து ஆண்டும் ஒரே வீட்டில், ஒரே குடும்பமாக, ஒரே வேலையில் இருப்போம் என்று கையெழுத்திடும் நாளில் எல்லாரும் நம்புகிறார்கள்.

அதனால் பிக்ஸ்டா வேரியபிளா என்று கேட்டு வருபவரிடம் வட்டி எங்கே போகும் என்று நான் ஆரூடம் சொல்வதில்லை. தவணை மாதம் 800 டொலர் ஏறினால் எதை நிறுத்துவீர்கள் என்று கேட்பேன். 'கிரெடிட் கார்டில் சமாளிப்பேன்' என்று பதில் வந்தால் பிக்ஸ்ட்தான், மேலே பேச்சில்லை. கையில் ஆறு மாதத் தவணை சேமிப்பு இருக்கிறது, இரண்டு ஆண்டில் வீடு மாறலாம் என்றால் வேரியபிளைப் பற்றிப் பேசலாம்; அதுவும் தவணை அசையும் வகை. அசையாத வகையில்தான் கடன் தரும் இடம் என்றால், வட்டி ஏறும்போதெல்லாம் தவணையை நீங்களே கூட்டிக் கட்ட அனுமதி உண்டா, எவ்வளவு வரைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இடைவழியும் ஒன்றுண்டு: மூன்று ஆண்டு பிக்ஸ்ட். 2023இல் வட்டி உச்சியில் நின்றபோது நான் பலரை அந்தப் பக்கம்தான் தள்ளினேன். 2025 ஒக்டோபரில் மத்திய வங்கி வட்டி 2.25க்கு இறங்கியபோது, ஐந்து ஆண்டுக்குப் பூட்டாததற்காக அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ஆரூடம் தெரிந்து சொன்னதில்லை அது.

அந்த ஸ்காபரோ அண்ணை தவணையை மாதம் 600 டொலர் கூட்டினார். சீட்டு எடுத்து 15,000 டொலர் ஒரேயடியாகக் கடனின் முதலுக்குக் கட்டினார். ரினியூவலுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே வட்டியைப் பிடித்து வைக்கலாம், அப்போது கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாங்கின் ரினியூவல் கடிதம் சட்டப்படி 21 நாளுக்கு முன்னால் வந்தால் போதும். அதற்குக் காத்திருந்தால் வேறு இடத்தில் விலை கேட்க நேரம் இருக்காது. அதில் போட்டிருக்கும் முதல் வட்டிக்கே கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "ஓம் தம்பி, ஆனா இந்தமுறை கடிதத்தை முதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவன்" என்றார்.