ஞாபகம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அல்சைமர்

"அப்பாவுக்கு ஞாபகம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி அல்சைமர்?" இந்த மாதத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள், நினைவாற்றல் சோதனை செய்கிற என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டன. மூன்றாவது குடும்பம் கொஞ்சம் கோபமாகவே கேட்டது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது குடும்பத்து அப்பா சிங்கப்பூரில் டாக்சி ஓட்டியவர், வயது 61. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருக்களைக் கேட்டேன். கேம்பல் லேன், டன்லப், கஃப் ரோடு, வீராசாமி ரோடு என்று மூச்சுவிடாமல் சொன்னார். தேதி, கிழமை எல்லாம் சரி. பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டம் போட்டார். 12, 1, 2 என்று தொடங்கி எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே அடுக்கினார். 9 வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. "ஏதோ சரியில்லம்மா" என்றார். எது சரியில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் மகள், "அப்பா, ஒழுங்கா வரைங்க" என்று அதட்டிவிட்டார்.

இரண்டு வருடமாக வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்துத் தூண்களில் உரசிக்கொண்டிருந்தாராம். மூக்குக்கண்ணாடி மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கண்ணில் குறையே இல்லை. கண் அனுப்புவதைக் கோத்துப் புரிந்துகொள்கிற மூளையின் பின்பகுதிதான் சுருங்கிக்கொண்டிருந்தது. இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருப்பது அல்சைமர்தான்.

எனக்கு எரிச்சல், இதற்கு 'மறதி நோய்' என்று நாம் வைத்த பெயர்மேல். பெயரிலேயே மறதியை ஒட்டிவிட்டோம். மறக்காதவருக்கு நோயில்லை என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் விவரித்த முதல் நோயாளி அகஸ்ட் டீட்டர். அவரிடம் முதலில் தெரிந்ததே மறதி அல்ல, கணவர்மேல் சந்தேகம்! இந்த நோயில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் பரவலாகப் படியும். டாவ் என்ற இன்னொரு புரதம் எங்கே குவிகிறதோ அந்த இடத்தின் வேலைதான் கெடும். பலருக்கு அது நினைவுப் பகுதியில் தொடங்குகிறது, சரி. ஆனால் இடப்பக்கம் மொழிப் பகுதியில் குவிந்தால் "அந்த இத எடு" என்று சொல் தடுக்கும். முன்பகுதியில் என்றால், அதிர்ந்து பேசாத அம்மா திடீரென்று கெட்ட வார்த்தையில் திட்டுவார். டாவ் ஸ்கேன்களை வைத்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு நான்கு விதப் பரவலைக் கண்டது. அதில் எந்த ஒன்றுக்கும் பாதிப்பேர்கூட இல்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்தால் ரத்தக்குழாய்க் கோளாறும் சேர்ந்துகொண்டால் கதை இன்னும் குழம்பும்.

ஆகவே, ஞாபகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். படியில் தடுமாறுகிறாரா, சட்டைக் கையில் தலையை விடுகிறாரா, லிஃப்ட் பொத்தானைத் தேடுகிறாரா என்று தேதியோடு எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் நினைவாற்றல் சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள். "வயசாயிடுச்சு" என்று 61 வயதுக்காரரைச் சொல்லாதீர்கள், அது பதில் இல்லை. சோதனையில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மொழிபெயர்க்க மட்டும் செய்யுங்கள், விடையைக் காதில் ஓதாதீர்கள் (ஓதுகிறீர்கள், எனக்குத் தமிழ் தெரியும்). கார் சாவியை வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் அவருக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தை அவர் சுயமாக முடிவெடுக்கும்போதே செய்துவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து அவரை நடிக்கிறார் என்று சொல்லாதீர்கள். அந்த டாக்சிக்காரர் பாதிச் சோற்றை மிச்சம் வைப்பதை வீம்பு என்றுதான் மகள் நினைத்திருந்தார். வெள்ளைத் தட்டு, வெள்ளைச் சோறு, மேலே தயிர். அவர் கண்ணுக்கு அங்கே சோறே இல்லை. போன வாரம் வாழையிலையில் போட்டுக் கொடுத்தார்களாம், ஒரு பருக்கை மிச்சமில்லை. இப்போது தேக்கா சந்தையில் பச்சைத் தட்டு நான்கு வாங்கி வைத்திருக்கிறார்கள்.