காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள்

கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 நவம்பர் 2, திங்கட்கிழமை, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அம்மா திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். "கருவாட்டுக் குழம்பு கொதிக்குது டாக்டரம்மா, தெருவே மணக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல" என்றார். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். "ரெண்டு மூணு நாள் இருக்கும்." கூட வந்த மகன், "ஏம்மா, ஆயுத பூஜை அன்னிக்கே நீ படுத்துட்டியே" என்றார். ஆயுத பூஜை அக்டோபர் 25. அப்படியானால் அன்றைக்கு ஒன்பதாவது நாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 89தான். அந்த அம்மாவோ மூச்சு வாங்காமல், கருவாட்டு விலை வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்! 108-ஐக் கூப்பிட்டு மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், தேறி வருகிறார்.

ஏன் ஒன்பது நாள் மறைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் 2020 மே மாதம் நம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை எகிறியபோது, நோயாளி வீட்டு வாசலில் தகரம் அடித்து தெருவையே அடைத்ததை யாரும் மறக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்கூடத் தரமாட்டார் என்ற பயம். அதனால் முதல் நாள் மெடிக்கலில் "செட் மாத்திரை" வாங்கிப் போடுகிறார்கள், அப்புறம் கபசுரக் குடிநீர் என்ற சித்த மருந்துக் கஷாயம், அப்புறம் ஆவி, ஒரு வாரம் இப்படியே ஓடிவிடுகிறது. அந்தக் கஷாயத்தைக் குடிக்காதீர்கள் என்று நான் யாரையும் சொல்வதில்லை. ஆனால் அதைக் குடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் ஆபத்து. அந்த செட்டில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் இன்னும் மோசம். காய்ச்சல் இறங்கின மாதிரி இருக்கும், சர்க்கரை ஏறும். ஆக்சிஜன் குறையாத கொரோனா நோயாளிக்கு ஸ்டீராய்டால் பலன் இல்லை என்று 2020 ஜூன் மாதமே ஆராய்ச்சி முடிவு வந்துவிட்டது.

கொரோனாவில் முதல் நாலைந்து நாள் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் போகும். பலருக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் நுரையீரல் பாதித்து ஆக்சிஜன் இறங்கும், அது வெளியே தெரியாமலும் இறங்கும். அதனால்தான் "எத்தனையாவது நாள்?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்டால் முக்கால்வாசிப் பேர் விட்டத்தைப் பார்க்கிறார்கள்.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய அன்றைக்கே சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். மாதக் காலண்டரில் போடுங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு ஐயா நான் சொன்னதைக் கேட்டு ஒழுங்காகக் குறித்தார், ஆனால் தினசரி காலண்டரில் குறித்தார், மறுநாள் காலையில் பேரன் அந்தத் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டுவிட்டான்.

ஆக்ஸிமீட்டர் வாங்கியவர்கள் அதை ஒழுங்காகப் பாருங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு பூசிய விரலிலும் அது சரியாகக் காட்டாது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு பாருங்கள். 95க்கு மேல் இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று, நான்கு புள்ளி குறைந்தாலோ 94க்குக் கீழே போனாலோ அன்றைக்கே கிளம்பி வாருங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

இது ஐப்பசி. மழையும் பிடித்துவிட்டது. வருகிற காய்ச்சல் எல்லாம் கொரோனா என்று நினைத்து டெங்குவை விட்டுவிடுகிறோம், எனக்கு இப்போது பெரிய கவலையே இதுதான். டெங்குவில் நாள் கணக்கு வேறு மாதிரி. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று உட்காருவார்கள், ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில் வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பிள்ளை சோர்ந்து சுருண்டு படுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் தேதி வேண்டும். டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளைக்குத்தான் நன்றாகக் காட்டும், பிறகு வேறு பரிசோதனை. எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபெனாக், புரூஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடிவிடும். (இதயத்துக்காக டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், போன் போட்டுக் கேளுங்கள்.)

கொரோனாவால் 2020-ல் எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் டெங்குவைப் பரப்பும் கொசுவுக்குக் கொண்டாட்டம். அது பகலில் கடிப்பது. செல்போனில் பாடம் கேட்ட பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் அண்ணன் தங்கை இருவருக்கும் டெங்கு. தொட்டியெல்லாம் மூடித்தான் வைத்திருந்தார்கள், கொசுப் புழு இருந்தது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர், யாரும் ஆட்டாத ஆட்டுக்கல், எல்லாவற்றையும் பாருங்கள்.

தீபாவளி வருகிறது. சானிடைசர் தடவிய கையோடு விளக்கேற்றவும் மத்தாப்பு பிடிக்கவும் வேண்டாம், அதில் இருப்பது சாராயச் சத்து, குப்பென்று பிடிக்கும். அன்றைக்கு சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

அந்த முதுநகர் அம்மாவின் மகனுக்கு நேற்று இரவு முதல் காய்ச்சல். காலையில் போன் செய்தார், எடுத்ததுமே "டாக்டரம்மா, இன்னிக்கு ரெண்டாவது நாள்" என்றார்.