பூநாகம்

தாழம்பூவை உதறாமல் தலையில் வைக்காதே, உள்ளே பூநாகம் இருக்கும் என்று டெல்டாவில் இன்றும் எச்சரிப்பார்கள். மலருக்குள் குடியிருக்கும் பாம்பு என்றே பலரும் இச்சொல்லுக்குப் பொருள் கொள்கிறார்கள். இங்குள்ள ‘பூ’ நிலத்தைக் குறிக்கும் வடசொல். மண்ணிலே வாழும் நாகம். சித்த மருத்துவத்தில் அது மண்புழுவின் பெயர். நேர்த் தமிழ், நாங்கூழ். ‘எறும்பிடை நாங்கூழ்’ என்கிறது திருவாசகம்.

பேச்சு வழக்கிலோ, படுகையிலும் வாழைக்கொல்லையிலும் மண்வெட்டியோடு புரண்டு வரும் மெல்லிய பாம்பெல்லாம் பூநாகம் என்றே அடிபடுகிறது. பெரும்பாலும் அது புழுப்பாம்பு. ஒரு சாணுக்குள் அடங்கும், உடல் முழுக்கக் கரும்பழுப்பு, கண் வெறும் புள்ளி. எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்னும், மனிதருக்குத் தீங்கில்லை.

அரிதாகக் கண்ணில் படுவது பவளப்பாம்பு. 1802இல் ஜார்ஜ் ஷா விவரித்த இதன் அறிவியல் பெயர் காலியோஃபிஸ் மெலனூரஸ்: கிரேக்கத்தில் ‘அழகிய பாம்பு’, ‘கருவால்’. பென்சிலை விட மெல்லியது, 35 செ.மீ. தாண்டுவது அரிது. இளம்பழுப்பு முதுகு, கறுத்த தலையும் கழுத்தும், வாலின் தொடக்கத்தில் ஒன்று, நுனியருகே ஒன்று என இரு கருவளையங்கள். வயிறு செம்பவள நிறம். சீண்டினால் தலையை உடலுக்கடியில் ஒளித்து, வாலைச் சுருட்டித் தூக்கி அதன் நீலநிற அடிப்புறத்தைக் காட்டும். தலை கறுத்து வயிறு மஞ்சளாக இருந்தால் அது நஞ்சற்ற கருந்தலைப் பாம்பு.

பவளமும் வடமொழிப் ‘பிரவாள’த்திலிருந்து வந்தது என்பர். பழந்தமிழில் அது துகிர். புகாரில் குவிந்த பண்டங்களுள் ‘குணகடல் துகிரும்’ என்று பட்டினப்பாலை சொல்கிறது. ஆனாலும் பவளப்பாம்பு என்பதே வழக்கில் ஊன்றிவிட்டதால் அதையே ஆள்வது நல்லது.

நரம்பைத் தாக்கும் நஞ்சு இதற்குண்டு, வாய் மிகச் சிறிது. நம் நாட்டு நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது, இதற்கு அல்ல. என்றாலும் கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தது கட்டுவிரியன் குட்டியாகவும் இருக்கலாம்.

பவளப்பாம்புக்கு முக்கிய இரை புழுப்பாம்புதான். எறும்பும் கறையானும் போனால் புழுப்பாம்பு போகும், அதன் பின்னே இதுவும் போகும். செங்கல் சூளைக்காகப் படுகையின் மேல்மண்ணை வழிக்கும்போது இவற்றின் வீடே லாரியில் ஏறுகிறது. வாழையடியில் இடும் குருணை மருந்து, சருகுக்கு வைக்கும் தீ, வாய்க்கால் கரைக்குப் பூசும் கான்கிரீட் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை முடிக்கின்றன.

கொல்லை மூலையில் மட்டையும் சருகும் மட்க ஒரு குவியலை விட்டுவையுங்கள். அதை அகற்றித்தான் ஆக வேண்டுமானால் தீ வைக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வாரியால் மெல்ல இழுங்கள். எதிர்ப்பக்கம் நழுவ வழியிருக்கும். வெளிப்பட்டதைக் கையால் தொடாமல், நீண்ட குச்சியால் வாழைமட்டையில் ஏற்றி அதே கொல்லையின் நிழலான சருகில் விட்டால் போதும்.