சிங்கப்பூரில் தோற்ற வேட்பாளர் எப்படி நாடாளுமன்றம் போகிறார்?

2025 மே 3 அன்று நடந்த சிங்கப்பூர் பொதுத்தேர்தலில், ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஜாலான் காயு தனித்தொகுதியில் நின்ற, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஆண்ட்ரே லோ 48.53 விழுக்காடு வாக்கு வாங்கியும் தோற்றார். செம்பவாங் வெஸ்ட் தனித்தொகுதியில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சித் தலைவர் சீ சூன் ஜுவான் 46.81 விழுக்காடு வாங்கித் தோற்றார். தோற்ற இருவரில் லோவுக்கு மட்டும் நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்தது. தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற ஏற்பாடுதான் இதற்குக் காரணம். இதற்கென்று தனி வாக்குச்சீட்டு கிடையாது. வழக்கம்போல் போடும் வாக்கிலிருந்தே இந்த இடங்களும் பிறக்கின்றன.

கணக்கு இதுதான். ஆட்சி அமைக்காத கட்சிகளுக்கு நாடாளுமன்றத்தில் குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். எதிர்க்கட்சிகள் நேரடியாக எத்தனை இடம் வென்றனவோ அதை 12-இலிருந்து கழித்தால், மிச்சம் உள்ள இடங்கள் தோற்றவர்களில் அதிக விழுக்காடு பெற்றவர்களுக்குப் போகும். 2025-இல் மொத்தம் 97 இடங்கள். ஆளும் மக்கள் செயல் கட்சி 87 வென்றது, பாட்டாளிக் கட்சி 10. ஆக, மிச்சம் இரண்டு. எதிர்க்கட்சிகள் 12 இடங்களை நேரடியாகவே வென்றுவிட்டால் இப்படி ஒருவர்கூட வரமாட்டார்.

பார்ப்பது விழுக்காட்டை, வாக்கு எண்ணிக்கையை அல்ல. குறைந்தது 15 விழுக்காடாவது வாங்கியிருக்க வேண்டும். தனித்தொகுதியிலிருந்து ஒருவர்தான் வரலாம். நான்கைந்து பேர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதியிலிருந்து அதிகபட்சம் இருவர் வரலாம், யார் என்பதை அந்த அணியே முடிவு செய்யும். தெம்பனிஸ் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி அணி 47.37 விழுக்காடு வாங்கி, மிஞ்சிய இரண்டில் இன்னோர் இடத்தைப் பெற்றது. அணியிலிருந்து ஐலின் சோங் போனார். விழுக்காட்டு வரிசையில் அடுத்து நின்ற சீ சூன் ஜுவானுக்கு இடம் மிஞ்சவில்லை. 2020-இல் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் 48.31 விழுக்காடு பெற்ற சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி அணியிலிருந்தே இருவரும் வந்தார்கள்.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? மக்கள் செயல் கட்சி 1959 முதல் இன்றுவரை தொடர்ந்து ஆட்சியில் இருக்கிறது. 1968, 1972, 1976, 1980 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் ஓர் இடம் விடாமல் அதுவே வென்றது. 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில், யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர் ஜே.பி. ஜெயரத்தினம் பாட்டாளிக் கட்சி சார்பில் வென்றபோதுதான் அந்த மௌனம் கலைந்தது. 1984-இல் பிரதமர் லீ குவான் இயூ அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சியை எதிர்கொண்டு பழகாத இளம் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு விவாதப் பயிற்சி வேண்டும், எதிர்க்கட்சியால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை இளம் வாக்காளர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பன அவர் சொன்ன காரணங்கள்.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெயரத்தினமும் பொத்தோங் பாசிரில் சியாம் சீ டோங்கும் நேரடியாகவே வென்றார்கள். அன்றைக்கு உறுதி எண்ணிக்கை 12 அல்ல, மூன்றுதான். மிஞ்சிய ஓர் இடத்தைப் பாட்டாளிக் கட்சி வேண்டாம் என்றது. 1988 தேர்தலுக்குப் பிறகே லீ சியூ சோ முதல் தொகுதியில்லா உறுப்பினராகப் பதவி ஏற்றார். 1997-இல் செங் சான் குழுத்தொகுதியில் தோற்ற ஜெயரத்தினமே இந்த வழியில் நாடாளுமன்றம் திரும்பினார்.

நெடுங்காலம் இவர்களுக்கு முழு வாக்குரிமை இருக்கவில்லை. அரசமைப்புத் திருத்தம், வரவுசெலவுத் திட்டம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் பேசலாம், வாக்களிக்க முடியாது. 2016-இல் வந்த திருத்தம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், மற்ற உறுப்பினர்களைப் போலவே எல்லாவற்றிலும் வாக்களிக்கிறார்கள். 9-ஆக இருந்த உறுதி எண்ணிக்கை 12 ஆனதும் அந்தத் திருத்தத்தில்தான். நியமன நாடாளுமன்ற உறுப்பினர் என்பவர் வேறு. அவர் தேர்தலில் நிற்காதவர், அவருக்கு அந்த முழு வாக்குரிமை இன்றும் இல்லை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வாக்குரிமை வந்துவிட்டது, சரி. அப்படியானால் வென்றவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? பாட்டாளிக் கட்சியின் அன்றைய தலைவர் லோ தியா கியாங் 2016-இல் நாடாளுமன்றத்திலேயே இதைச் சொன்னார்: இவர்கள் குளத்தில் மிதக்கும் பாசி, வேர் கிடையாது. வேர் என்று அவர் சொன்னது தொகுதியைத்தான். வென்ற உறுப்பினர்தான் நகர மன்றத்தை நடத்துகிறார். மின்தூக்கிப் பராமரிப்பு, துப்புரவு, அதற்கான மாதக் கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த நிர்வாகத்தைப் பார்த்துத்தான் மக்கள் ஒரு கட்சியை எடைபோடுகிறார்கள். தொகுதியில்லாதவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. படித்தொகையும் வென்றவருடையதில் ஏறக்குறைய 15 விழுக்காடுதான். பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள்.

எனக்கு இதில் கவலை தருவது இன்னொன்று. 2020 பிரசாரத்தில் ஆளுங்கட்சியினர் வெளிப்படையாகவே சொன்னார்கள்: எதிர்க்கட்சிக் குரல் எப்படியும் உள்ளே இருக்கும், அதற்குச் சட்டமே உறுதி தருகிறது என்று. சட்டப்படி அது உண்மை. ஆனால் எல்லாத் தொகுதியிலும் எல்லாரும் அப்படியே நினைத்து வாக்களித்தால், உள்ளே வரும் 12 பேரும் ஒரு நகர மன்றம்கூட இல்லாதவர்களாக இருப்பார்கள்.

அதற்காக இந்த இடத்தைப் பயனற்றது என்று தள்ளவும் நான் தயாரில்லை. 2006-இல் இப்படி உள்ளே வந்த பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம், 2011-இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியை வென்ற அணியில் இருந்தார். எதிர்க்கட்சி ஒரு குழுத்தொகுதியை வென்றது அதுவே முதல் முறை. ஜெரால்டு கியாம், டென்னிஸ் டான், லியோன் பெரேரா மூவரும் முதலில் தொகுதியில்லாமல் இருந்து, 2020-இல் தொகுதியோடு வந்தார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து அமைச்சரிடம் பதில் வாங்கும் பழக்கத்தை வெளியில் இருந்துகொண்டு கற்க முடியாது.

கிடைத்த இடத்தை மறுக்கவும் செய்யலாம். 2015-இல் பொங்கோல் ஈஸ்ட்டில் தோற்ற லீ லி லியான் மறுத்தார். அந்த இடம் காலியானதாக நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபின் அதே கட்சியின் டேனியல் கோவுக்குப் போனது. அந்தத் தீர்மானத்தில் பாட்டாளிக் கட்சியின் செயலைக் குறைகூறும் வரிகளை ஆளுங்கட்சி சேர்த்தே நிறைவேற்றியது.

நீங்கள் ஜாலான் காயுவில் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி நின்றால், அங்கே வென்ற மக்கள் செயல் கட்சியின் இங் சீ மெங்கிடம்தான் போக வேண்டும், ஏனென்றால் நகர மன்றம் அவர் பக்கம். பேருந்துக் கட்டணத்தைப் பற்றியோ வீட்டு விலையைப் பற்றியோ அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்றால், ஆண்ட்ரே லோவுக்கும் எழுதலாம். அவர் பேச நீங்கள் அவருக்கு வாக்களித்திருக்க வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.