நொயிஸ்: சத்தமா, இரைச்சலா?

நீரில் கரைந்த அயன்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைகோட்டில் ஓர் உச்சியாகக் காட்டும் முறை அயன் குரோமற்றோகிராபி. கிணற்றுத் தண்ணீரை அதில் ஓடவிட்டவர்களுக்குத் தெரியும்: உச்சி எதுவும் வராத இடத்திலும் அடிக்கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். "நொயிஸ் கூடிப்போச்சு" என்பார்கள். இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சத்தம் என்று எழுதுவாரும் உண்டு. சத்தம் போடுவது பம்பி. கோடு வாய் திறப்பதில்லை.

பழைய பிரெஞ்சில் 'நொயிஸ்' என்றால் சண்டை, ஆரவாரம். அதன் வேர் கடற்குமட்டலைக் குறித்த லத்தீன் 'நௌசியா' என்பது பல அகராதிகளின் கருத்து. கருவிக்குள் இந்தச் சொல் நுழைந்தது வால்வு வானொலிக் காலத்தில். தடையிக்குள் இலத்திரன்கள் வெப்பத்தால் அலைவதே மின்னழுத்தத்தை நடுங்கச் செய்கிறது என்று 1928இல் பெல் ஆய்வுகூடத்து ஜோன்சனும் நைகுவிஸ்டும் காட்டினார்கள். ஒலிபெருக்கியில் அது உஸ்ஸென்று கேட்டது. பிறகு, கேளாத நடுக்கத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் 'இரை' என்ற வினை இதற்கென்றே இருந்ததுபோல் பொருந்துகிறது. கடல் இரையும், சோளகத்துக்குப் பனங்கூடல் இரையும், சந்தை இரையும். எதிலும் தனிக்குரல் பிரியாது. வெளியில் ஒன்றுமே ஒலிக்காதபோதும் "காது இரையுது" என்கிறோமே! ஆகவே நொயிஸ் என்றால் இரைச்சல்; சிக்னலுக்கும் அதற்கும் உள்ள விகிதம் சமிக்ஞை–இரைச்சல் விகிதம்.

'இரைச்சல் நீக்கம்' என்ற தொடரோடுதான் எனக்குப் பிணக்கு. 16 அளவீடுகளைச் சராசரியாக்கினால் ஒழுங்கற்ற இரைச்சல் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி நான்கிலொன்றாகும், ஒருநாளும் பூச்சியமாகாது. 'தணிப்பு' என்பதே நேர்மையான சொல். தணிப்பதிலும் அளவு வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்திக் கோட்டை மென்மைப்படுத்தும், 1964இல் வந்த சவிட்ஸ்கி–கோலே முறையானாலும், சாளரத்தை, அதாவது ஒரு தடவையில் எடுக்கும் புள்ளிகளின் நீளத்தை, அகலப்படுத்தினால் உச்சி தாழ்ந்து பரந்துவிடும். நைத்திரேற்றுக்கு இது பெரிய கவலையில்லை, எங்கள் கிணறுகள் பலவற்றில் அது தாராளம். அதன் உறவான நைத்திரைற்றுத்தான் பாவம். உவர்த் தண்ணீரின் பென்னாம்பெரிய குளோரைட்டு உச்சிக்கு அடுத்தாற்போல் வருகிற சின்ன உச்சி அது. கொஞ்சம் கூடுதலாக மென்மைப்படுத்தினால் குளோரைட்டின் வாலுக்குள் போய்விடும். உச்சி இரைச்சலைப்போல் 3 மடங்கு உயர்ந்தால் 'இருக்கிறது' எனலாம். அளவு சொல்ல 10 மடங்கு வேண்டும் என்பது வழக்கம்.

மென்மைப்படுத்துவதற்கு முதல் பம்பியின் காற்றுக்குமிழைப் போக்குவதே மேல். உணரி அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை; அது ஒரு பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு ஏறத்தாழ 2% மாறும், ஆகவே உணரியை ஒரே வெப்பநிலையில் வைக்கவும் வேண்டும். அறை சூடேறக் கோடு முழுவதும் மெல்ல ஏறினால் அது இரைச்சலே அல்ல. அதற்குப் பெயர் நகர்வு. எந்த மென்மைப்படுத்தலும் அதற்குக் கேளாது.