விளக்குக்குத் தப்பும் பிசுபிசுப்பு

நக அலங்கார நிலையத்தில் ஆபத்து என்றாலே மூக்கில் ஏறும் வாடைதான் நினைவுக்கு வருகிறது. வாடை தொல்லைதான். ஆனால் அங்கே வேலை செய்யும் பெண்ணைத் தொழிலையே விடவைக்கக்கூடியது, அவ்வளவாக வாடையே அடிக்காத ஜெல் பூச்சு.

குப்பியில் இருக்கும் ஜெல், மெத்தக்ரிலேட் வகையைச் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள் கலந்த குழம்பு. இவற்றை மோனோமர் என்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒன்றின் சுருக்கப் பெயர் ஹெமா. புற ஊதா விளக்கின் ஒளி பட்டதும், ஜெல்லில் கலந்திருக்கும் தூண்டி வேதிப்பொருள் உடைந்து, தனித்தனி மூலக்கூறுகளைச் சரம் தொடுத்தாற்போல் இணைத்துவிடுகிறது. சரமாகிவிட்டால் அது தோலுக்குள் புக முடியாது. சிக்கல், சரத்தில் சேராமல் மிஞ்சுவதில்தான்.

மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் இந்த வினையைத் தடுக்கிறது. அதனால் பெரும்பாலான ஜெல்களில், விளக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் நகத்தின் மேல் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அதை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். அந்தப் பஞ்சில் ஏறுவது இறுகாத மோனோமர். பஞ்சைப் பிடித்திருப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். தோல் வெடிப்பு பெரும்பாலும் அந்த விரல்நுனிகளில் தொடங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

தோலின் மேலடுக்கு பெரிய மூலக்கூறுகளைத் தடுத்துவிடும். சுமார் 500 டால்டனுக்குக் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) கீழே உள்ளவை நுழைந்துவிடக்கூடும். ஹெமாவின் எடை 130 மட்டுமே. உள்ளே போய்த் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் அதை உடலின் நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அந்நியன் என்று பதிந்துகொள்கின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாது. பதிவு முற்றியபின் ஒரு துளி பட்டாலும் போதும்: ஓரிரு நாளில் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு. இந்த ஒவ்வாமைப் பதிவு பொதுவாக வாழ்நாள் முழுதும் அழிவதில்லை. இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று சிகிச்சையின் எலும்புச் சிமென்டிலும், சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சில குளுக்கோஸ் சென்சார்களிலும் இருப்பதால், பாதிப்பு நகத்தோடு முடிவதில்லை.

கையுறை போட்டிருக்கிறோமே என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறையை மோனோமர் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். ஜெல் பட்டால் வேலை முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கழற்றி எறிய வேண்டும். பஞ்சை இடுக்கியால் பிடிக்கலாம். தூரிகையின் கைப்பிடியில் வழிந்திருப்பதைத் துடைத்துவிட்டே அடுத்த நகத்துக்குப் போக வேண்டும். ஜெல்லுக்கு ஏற்ற விளக்கும் முக்கியம். பொருந்தாத விளக்கில் பூச்சு பார்வைக்குக் கெட்டியாகிவிடும், உள்ளே முழுதாக இறுகியிருக்காது. பிறகு அதை அரம் வைத்துத் தேய்க்கும்போது மோனோமர் கலந்த தூள் பறந்து முகத்தில் படியும். கண் இமை வீங்குவதற்கு அது ஒரு காரணம்.

அந்தத் தூளை என்95 முகக்கவசம் தடுக்கும். கரைப்பான்களின் ஆவியைத் தடுக்காது, அதற்குச் செயலூட்டப்பட்ட கரி வேண்டும். அதைவிட நல்லது, ஆவி மூக்கை எட்டுமுன் மேசையிலேயே உறிஞ்சிவிடுவது. கூரையில் காற்றுப்போக்கி வைத்தால் ஆவி முகத்தைக் கடந்துதான் மேலே போகும். நியூயார்க் மாநிலம் 2016 அக்டோபர் முதல் புதிய நிலையங்களுக்கு ஒவ்வொரு மேசையிலும் உறிஞ்சியைக் கட்டாயமாக்கியது சரியான முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் ஹெமா கலந்த நகப்பூச்சைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. அது வீட்டில் பூசிக்கொள்பவரைக் காக்கிறது. நாள் முழுக்க அதிலேயே கைவைத்திருப்பவரை அல்ல.

விரல்நுனியோ இமையோ அடிக்கடி அரித்தால், தோல் மருத்துவரிடம் முதலில் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். ஒவ்வாமை எதனால் என்று அறிய, சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது ஒட்டுச் சோதனை. அதற்கான வழக்கமான தொகுப்புகள் எல்லாவற்றிலும் மெத்தக்ரிலேட் இருப்பதில்லை. அதையும் சேர்க்கும்படி கேட்க வேண்டியிருக்கும்.